அந்தும் ஐந்தாவது கையெழுத்தும்

முதல் பூச்சியை நான் கையாலேயே அடித்தேன். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. தோசைக்கல்லுக்கு மேலே, வெள்ளைச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகமளவுதான். இறக்கையின் முன்பாதி வெளிறிய சாம்பல், பின்பாதி செம்பு நிறம். யன்னல் திறந்திருந்ததால் வெளியிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்தேன். அடித்த இடத்தில் மாத்தூள் போல ஒரு தடம் மிஞ்சியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தோசையைத் திருப்பினேன்.

அடுத்த ஞாயிறு மூன்று இருந்தன. மறுநாள் வேலைக்குப் போகமுதல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது முகட்டின் மூலையில் வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. கதிரையில் ஏறிப் பார்த்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு புழு. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் அவசரமில்லாமல், சுவரும் முகடும் சந்திக்கும் இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அலுமாரியைத் திறந்து உழுந்துப் பக்கற்றைத் தூக்கினேன். உழுந்து கொட்டவில்லை. சிலந்திவலையில் சிக்கியதுபோலக் கட்டியாகத் தொங்கியது. ரவை, பயறு, கடலைமா, பாதி முடிந்த பேரீச்சம்பழப் பெட்டி, எல்லாவற்றிலும் அந்த நூல். அந்து பிடித்திருந்தது. இங்கே ஜேர்மனியில் அதை மொட்டன் என்பார்கள்.

அந்தச் சொல் எனக்கு நன்றாகப் பழக்கம். எசனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். களஞ்சிய அறையின் ஒவ்வொரு தட்டையும் கிழமைக்கு ஒருமுறை ஆராய்ந்து, "பூச்சி இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மாப்பக்கற்றை எப்படி மூடவேண்டும் என்று காட்டிக்கொடுப்பவளும் நான்தான். அன்று காலை அந்த இரண்டு புழுவையும் துணியில் நசித்துவிட்டு, பஸ் எடுத்து வேலைக்குப் போய், அந்தக் கட்டத்தில் அடையாளமிட்டேன். அங்கே உண்மையில் பூச்சி இல்லைத்தான். ஆனாலும் கை கூசியது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் சொன்னது கணவருக்கல்ல, அக்காவுக்கு.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் இருக்கிற கட்டடத்தில் எட்டு வீடுகள். இரண்டே இரண்டு தமிழ்க் குடும்பம். முதலாம் மாடியில் நாங்கள், எல்லாவற்றுக்கும் மேலே கூரையை ஒட்டிய வீட்டில் அக்காவும் அவர் கணவரும். அக்கா என்னிலும் ஏழு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த அன்று, பெட்டிகள் படியில் கிடக்க, மேலிருந்து ஒரு குரல் "தமிழே?" என்று கேட்டது. அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம்.

என் மகள் பிறந்தபோது என் கணவருக்கு வேலையிடத்திலிருந்து நேரத்துக்கு வர முடியவில்லை. ஒன்பது மணித்தியாலம் என் கையைப் பிடித்தபடி பிரசவ அறையில் நின்றது அக்கா. மருத்துவிச்சி சொன்னதையெல்லாம் தமிழில் மாற்றிச் சொன்னார். நான் கத்தியதை அவர் ஜேர்மனுக்கு மாற்றவில்லை என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை இல்லாதவர். என் மகளை முதலில் தூக்கியவர். இன்று வேறு நகரத்தில் படிக்கும் அவள் வீட்டுக்கு வந்தால், பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு நேரே மேலேதான் ஓடுவாள்.

எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் கெல்லரின் திறப்பும் இருந்தது. கெல்லர் என்பது கட்டடத்தின் அடியில், நிலத்துக்குக் கீழே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய சிறிய அறை. சுவரில்லை, பலகைச் சட்டங்களால் அடைத்திருக்கும், சட்டங்களுக்கு நடுவே கை போகுமளவு இடைவெளி. முந்தின நவம்பரில் குழாய் வெடித்து அக்காவின் கெல்லரில் தண்ணீர் நின்றது. அப்போது அவருடைய மூன்று பெரிய பிளாஸ்டிக் வாளிகளை எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்தோம். நீலமூடி போட்டவை. வறுத்த சத்துமா, கச்சான் கடலை, பேரீச்சம்பழம், மல்லி, மிளகாய். அக்கா எதையும் மூட்டையாகத்தான் வாங்குவார். மா வறுத்து டோர்ட்மண்டிலும் கொலோனிலும் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்புவார். தை மாதத்தில் எடுத்துவிடுவேன் என்றார். நான் அவசரமில்லை என்றேன். பிறகு மார்ச்சில் அண்ணைக்கு, அதாவது அவர் கணவருக்கு, பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. ஆறு கிழமை வைத்தியசாலையும் சிகிச்சை நிலையமுமாக அலைந்தார்கள். வாளியை யார் நினைப்பார்கள்?

நான் புழுவைப் பற்றிச் சொன்னதும் அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு என்னோடு இறங்கி வந்தார். கதிரையில் ஏறி, முகட்டில் புதிதாக ஊர்ந்துகொண்டிருந்த புழுக்களைப் பார்த்தார். உழுந்துப் பக்கற்றைப் பார்த்தார். இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். "எங்கட சனம் கேள்விப்பட்டா உம்மட வீட்டிலை தேத்தண்ணியும் குடியாது. நான் நிக்கிறன். நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து துடைப்பம்."

இரண்டு நாள் துடைத்தோம். நான் விடுப்பு எடுத்தேன். அலுமாரித் தட்டுகளைக் கழற்றி வினாகிரித் தண்ணீரால் கழுவினோம். தட்டுகளைத் தாங்கும் ஆணித் துளைகளுக்குள் முட்டை இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒவ்வொரு துளையாகத் தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடு காட்டினேன். அக்கா கீழே முழங்காலில் இருந்து அடுப்புக்குப் பின்னால் துடைத்தார். பாதி அரிசியை எறிந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர்தான் குப்பைப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, "கொட்டும், கொட்டும், யோசிக்காதையும்" என்றார். திறக்காத மாப்பக்கற்றுகளைக் குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் அடுக்கினோம். மருந்துச் சாமான் கடையில் ஒட்டும் அட்டை வாங்கிவந்து மூலைகளில் வைத்தோம். பெண்பூச்சியின் வாசம் பூசிய அட்டை அது. ஆண்பூச்சி தேடிவந்து ஒட்டிக்கொண்டு சாகும்.

இரண்டாம் நாள் பின்னேரம், எல்லாம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, கெல்லரிலும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன். அங்கே எங்கள் அரிசிப் பையும் இருந்தது. நான் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"நான் காலமையே பாத்திட்டன். ஒண்டுமில்லை. நீர் களைச்சுப்போனீர், இரும்."

நான் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று இப்போது கேட்டால், அக்கா சொன்னால் அது பார்த்ததுக்குச் சமம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அந்தக் கோடை முழுவதும் வீட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் நான் வடைக்கு உழுந்து அரைத்துக் கொடுப்பேன். அந்த வருடம் இடுப்புவலி என்று பொய் சொன்னேன். "அதுதான் புத்தி" என்றார் அக்கா. பூச்சி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒட்டும் அட்டையில் ஏழு, எட்டு என்று கிடக்கும். எடுத்து எறிந்து புதிது வைத்தால் மறுகிழமை மறுபடி ஐந்து. என் குசினியில் ஒரு பிடி மா வெளியில் இல்லை. எங்கிருந்து வருகின்றன என்று விளங்கவில்லை. வீட்டுக்கதவின் கீழ் இடைவெளியைத் துணியால் அடைத்தேன். யன்னலுக்கு வலை போட்டேன். நான்தான் எதையோ விட்டுவிட்டேன் என்று நினைத்து, கழுவின தட்டுகளையே மறுபடி கழற்றிக் கழுவினேன். இவர் என்னைப் பார்த்து, பூச்சியைவிட நீர்தான் இந்த வீட்டில் கூடப் பறக்கிறீர் என்றார்.

ஓகஸ்ட்டில் பூச்சி படிக்கட்டுக்கு வந்துவிட்டது. நிலமாடியில் இடப்பக்கம் ஒரு ஜேர்மன் மூதாட்டி இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் இருப்பவர். படி கூட்டும் முறை யாருடையது, குப்பை வாளியை யார் வெளியே தள்ளவேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மகள் சிறியவளாக இருந்தபோது ஒவ்வொரு டிசம்பரிலும் வாசலில் சொக்கலேற் வைப்பார். அவருடைய ஓட்ஸ் பெட்டிக்குள் புழு இருந்ததாம். படியில் என்னைக் கண்டபோது வணக்கம் சொன்னார், அதற்குப் பிறகு ஒரு கணம் என் பையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

செப்டம்பர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. வீட்டு நிர்வாகத்திடமிருந்து. உணவுப் பூச்சித் தொல்லை உங்கள் வீட்டிலிருந்தும் உங்கள் கெல்லரிலிருந்தும் பரவுவதாகக் குடியிருப்பாளர்கள் முறையிட்டுள்ளார்கள், இன்ன நாள் இன்ன நேரம் பூச்சி ஒழிப்பவர் வருவார், அந்த டெர்மினுக்கு நீங்கள் கட்டாயம் நிற்கவேண்டும் என்று இருந்தது. அதனோடு முறைப்பாட்டின் பிரதியும் சேர்ந்து வந்திருந்தது. பெயர்களை மறைத்து அனுப்பியிருக்கவேண்டும். யாரோ கவனிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள்.

குசினி மேசையில் இருந்து வாசித்தேன். மூதாட்டியின் சாய்ந்த எழுத்து. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். முதலாம் மாடியில் பெருமளவு தானியமும் மாவும் சேமித்து வைக்கப்பட்டிருப்பதாகவும், ஜூன் மாதத்திலிருந்தே அந்த வீட்டில் பூச்சி இருப்பதாகவும், குசினியின் முகட்டில் புழுக்கள் ஊர்ந்ததாகவும், அந்தக் குடும்பம் இதை நிர்வாகத்துக்கு அறிவிக்காமல் மறைத்ததாகவும் எழுதியிருந்தார்.

மூதாட்டி என் குசினிக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

கீழே ஐந்து கையெழுத்து. முதல் நாலும் ஜேர்மன் கையெழுத்துகள், ஒன்றும் வாசிக்க முடியாத வளைவுகள். ஐந்தாவது தமிழில் இருந்தது. அக்கா எங்கேயும் தமிழில்தான் கையெழுத்து வைப்பார். கடவுச்சீட்டிலும் அப்படித்தான். அலுவலகங்களில் அதைப் பார்த்து இது என்ன எழுத்து என்று கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்வார். அதைப் பார்த்துத்தான் நானும் என் கையெழுத்தைத் தமிழுக்கு மாற்றினேன்.

அந்த ஐந்தாவது கையெழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, ஏன் வெளிச்சம் போடாமல் இருக்கிறீர் என்று கேட்டார். கடிதத்தை நீட்டினேன். அவர் வாசித்தார். கடைசிக்கு வந்ததும் மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"மேலை போய்க் கேட்டிட்டு வாறன்," என்றார்.

வேண்டாம் என்றேன். அண்ணை இருக்கிறார், அவருக்கு முன்னால் கேட்க ஏலாது என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அக்கா தானாக வந்து சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. எல்லாரும் வைத்தார்கள், நான் மட்டும் வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்து வைத்தேன் என்று சொன்னால் போதும். நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவருக்காக நானே அந்தக் காரணத்தை உண்டாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆனால் முகட்டுப் புழு என்ற அந்த வசனத்துக்கு மட்டும் என்னால் ஒரு காரணமும் உண்டாக்க முடியவில்லை. அந்தப் புழுவைக் கண்டவர்கள் மூன்று பேர். நான், இவர், அக்கா.

ஒன்பது நாள் அவர் வரவில்லை. ஒருமுறை படியில் கண்டேன். அண்ணையின் சிகிச்சைக்குப் போவதாகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். கையில் அவர் குடை. முகத்தில் வழக்கமான அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு சின்ன மாற்றமாவது இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டெர்மின் நாள் பூச்சி ஒழிப்பவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நடுவயது, அமைதியான மனிதர். கையில் பெரிய டோர்ச். முதலில் என் குசினியைப் பார்த்தார். துளைகளுக்குள் வெளிச்சம் அடித்தார், தட்டுகளின் அடியைத் தடவினார், மாவெல்லாம் போத்தலில் அடைத்திருப்பதைப் பார்த்தார். இங்கே மூலம் இல்லை என்றார், நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். மூன்று மாதத்தில் யாராவது எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. ஒரு அந்நிய மனிதர் முன்னால் கண் கலங்கியது.

பிறகு கெல்லருக்கு இறங்கினோம். மூதாட்டி கதவைத் திறந்து பின்னால் வந்தார். அவர் வருவார் என்று தெரியும். கெல்லர்ப் படியின் கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது மூதாட்டிக்கு மேலே, இரண்டு படி தள்ளி, கோட்டுப் போட்டபடி அக்கா நின்றார்.

நான் பூட்டைத் திறந்தேன். எங்கள் அரிசிப் பையைப் பூச்சி ஒழிப்பவர் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். சூட்கேசுகளை விலக்கினார். வாளிகளுக்கு வந்தார். முதல் வாளி இறுக்கமாக மூடியிருந்தது. இரண்டாவதின் மூடி வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் ஒரு துவாயை மடித்துப் போட்டிருந்தது. அவர் துவாயை எடுத்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே கச்சான் தெரியவில்லை. வெள்ளைக் கம்பளி விரித்தது போல நூல் படர்ந்து கிடந்தது. அதற்குள் எல்லாம் நெளிந்தது. டோர்ச் வெளிச்சத்தில் இருபது முப்பது பூச்சி ஒரே நேரத்தில் எழும்பி எங்கள் முகத்தில் மோதியது. மூதாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். பலகைச் சட்டங்களின் இடைவெளியால் அவை பக்கத்துக் கெல்லர்களுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவை யாருடையவை என்று பூச்சி ஒழிப்பவர் கேட்டார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, நீங்களே சொல்லுங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பூச்சி ஒழிப்பவரைப் பார்த்து, அலுவலகங்களில் கதைக்கும் திருத்தமான ஜேர்மனில், "எனக்குத் தெரியாது. என்னுடையவை இல்லை," என்றார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பாமலே தமிழில், மெதுவாக, "பிறகு கதைப்பம்" என்றார்.

அந்த இடத்தில் அந்த இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் பேசினேன். ஜேர்மன் இலக்கணம் எல்லாம் பிசகியது. இவை இவருடையவை, நவம்பரில் இவர் கெல்லரில் தண்ணீர் வந்தபோது இங்கே வைத்தார், திறப்பும் இவரிடம் இருக்கிறது என்று சொன்னேன். மூடியில் ஒட்டியிருந்த நாடாவைக் காட்டினேன். "கச்சான், ஐப்பசி" என்று அக்காவின் எழுத்து. பூச்சி ஒழிப்பவர் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இது உங்கள் மொழிதானே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. யார் எழுதியது என்பது அவருடைய வேலை இல்லை. படிவத்தில் கெல்லரின் இலக்கத்தை எழுதினார். இலக்கம் எங்களுடையது.

என் கைப்பையில் முறைப்பாட்டின் பிரதி இருந்தது. அதை எடுத்து அந்த மூடிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தால், தமிழ் தெரியாதவருக்கும் ஒரே கை என்று விளங்கியிருக்கும். நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இவர் பிறகு பலமுறை கேட்டார். அந்தக் கையெழுத்தை ஒரு குற்றத்துக்குச் சாட்சியாக நீட்ட எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மூதாட்டி படியேறப் போனவர் நின்று, இது நீங்கள் உங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டியது என்றார். சொல்லும்போது எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்த்தார். அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா வந்தார். திறப்பு இருந்தும் மணி அடித்தார். இருங்கோ என்றேன், இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றபடி சொன்னார்.

நிலமாடியில் வலப்பக்க வீடு காலியாகிறது. அங்கே இருந்த கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அண்ணைக்கு மூன்று தளம் ஏறேலாது. கட்டடத்தில் லிப்ட் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு அவர் கிழமைக்கு ஒருநாள்தான் வெளியே வருகிறார், அதுவும் இரண்டு பேர் பிடித்து இறக்கி. அக்கா அந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். வேறு இரண்டு குடும்பமும் போட்டிருந்தது. மூதாட்டியின் சொல்லுக்கு நிர்வாகத்தில் மதிப்பு இருக்கிறது. ஓட்ஸில் புழு கண்ட அன்று மூதாட்டி நேரே மேலே ஏறிப்போய் அக்காவைக் கேட்டிருக்கிறார்.

"என்னையும் உம்மையும் சேர்த்துத்தான் கேட்டவ," என்றார் அக்கா. "உங்களிட்டை இருந்துதானே வருகுது எண்டு. நான் இல்லை எண்டு சொல்லவேண்டி வந்திட்டுது."

"உங்களிட்டை இல்லை எண்டு சொல்லலாம் அக்கா. என்னட்டை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

வாளிக்குள் பூச்சி இருப்பது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சித்திரையிலை கண்டனான். அண்ணை வைத்தியசாலையிலை இருந்து வந்த கிழமை. எறிவம், எறிவம் எண்டு விட்டிட்டன். பிறகு உம்மட வீட்டிலை கண்டாப்போலை எனக்குப் பயம் வந்திட்டுது."

சித்திரையில். நான் முதல் பூச்சியைக் கண்டது ஜூனில். என்றால், என் குசினியில் முழங்காலில் இருந்து அடுப்புக்குப் பின்னால் துடைத்த அந்த இரண்டு நாளும் அவருக்குத் தெரியும். என் அரிசியைக் கொட்டும் கொட்டும் என்றபோது தெரியும். இரண்டு தளத்துக்குக் கீழே இருப்பதை நான் போய்ப் பார்க்கக்கூடாது என்றுதான் கையைப் பிடித்து இருத்தினார். கையெழுத்தைவிட, கெல்லரில் சொன்ன பொய்யைவிட, எனக்கு அந்த இரண்டு நாள்தான் தாங்க முடியாமல் இருந்தது. அந்த நாட்களை நான் அவருடைய அன்புக்கு அடையாளமாக மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்," என்றேன். "எனக்கு வீடு வேணும், வாளி உம்மட எண்டு சொல்லும் எண்டு கேட்டிருந்தா, நான் என்ரை எண்டு சொல்லியிருப்பன். அண்ணைக்காகச் சொல்லியிருப்பன்."

"தெரியும்," என்றார் அக்கா. "கேக்க வெக்கமாயிருந்தது."

பிறகு, அண்ணைக்கு இது தெரியவேண்டாம், அவருக்கு இப்போது மனம் தாங்காது என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகும்போது எங்கள் வீட்டுத் திறப்பைக் கதவுப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போங்கோ என்றும் சொல்லவில்லை.

வாளிகளை மறுநாள் இவர்தான் தூக்கிக்கொண்டுபோய் எறிந்தார். பூச்சி ஒழிப்பவர் கெல்லர் வரிசை முழுவதிலும் சிறிய அட்டைகளைக் கொழுவினார். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவிகளின் முட்டை இருக்குமாம். அந்தக் குளவிகள் அந்தின் முட்டைக்குள் தம் முட்டையை இடும், பிறகு அவையும் தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும் என்றார். மூன்று கிழமைக்கு ஒருமுறை வந்து அட்டை மாற்றினார். நவம்பருக்குள் கட்டடத்தில் ஒரு பூச்சி இல்லை.

மகளிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. வந்த முதல் விடுமுறையிலேயே, ஏன் மேலே போகவேண்டாம் என்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பெரியம்மா அப்படிச் செய்வாவா என்று மட்டும் கேட்டாள். அவள் அழுதபோது அக்காமேல் எனக்கு இருந்த கோபம் இரட்டிப்பானது. என்னிடமிருந்து எடுத்தது போதாதென்று, அவளிடமிருந்தும் எடுத்துவிட்டார்.

வீடு அக்காவுக்கே கிடைத்தது. ஒக்டோபர் கடைசியில் கீழே இறங்கினார்கள். பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் படியில் என்னை மறித்துக் கூப்பிட்டார். இவர் போனார், அலுமாரி தூக்க ஆள் இல்லை என்று. நான் போகவில்லை. வீட்டுக்குள் இருந்து, அலுமாரி படியில் இடித்து இடித்து இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் வேறு வீடு பார்க்கலாமா என்று இவர் கேட்டார். பார்க்கத் தொடங்கினோம். இந்த நகரத்தில் வீடு கிடைப்பது இலேசில்லை. இன்னும் பார்க்கிறோம்.

எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் வந்து, நான் அவரை மன்னித்துவிட்டதாகக் கோயிலில் சிலர் நினைக்கிறார்கள். காரணம், நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உண்மை வேறு. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால், என் வீட்டில் புழு இருந்தது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும். கேட்கிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அது அக்காவுக்கும் தெரியும். எனக்கு முதல்நாளே அதைச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

போன கிழமை வேலை முடிந்து வந்தேன். வெயில் இருந்ததால் நிலமாடி யன்னல் திறந்திருந்தது. அண்ணை உள்ளே கதிரையில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஊன்றுகோலோடு தானே வெளியே வந்து வாசலில் நிற்கிறார், பேக்கரிவரை போகிறார். முகம் தெளிந்திருக்கிறது. அந்த வீடு அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். என்னைக் கண்டதும் இடக்கையைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை, மேலை இருக்கேக்கை நாள்தவறாமல் வருவீர். இப்ப வாசலாலை போறீர், உள்ளுக்கு வாறீரில்லை. எங்களோடை கோவமே?"

"இல்லை அண்ணை. வேலை கூட," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வேலை கூடத்தான், உடம்பைப் பார்த்துக்கொள்ளும் என்றார். நம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பதில் சொன்னதும் அது நின்றது. யாரும் வெளியே வரவில்லை. நான் சாமான் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு படியேறினேன்.